ஒரகடத்துப் பல் விளக்கு படலம்

அளவுகோல் ஏந்திய அண்ணலே, வாழி! நாங்குநேரிச் சீமையில் அவதரித்து, ஒரகடத்து உதிரிபாகத் தொழிற்சாலையின் தரப்பரிசோதனை மேசையிலே வீற்றிருந்து, மயிரிழை பிசகிய இரும்பையும் மன்னித்தறியாத மாவீரனே, தொங்குமீசைத் தோன்றலே, இசக்கியப்பனே, நின் புகழ் பாடப் புகுந்தோம். எம் நா பிறழாதிருக்க நுரைபொங்கு பற்பசையும் வளையாத பிரஷும் துணை நிற்பனவாக. யானைப்படை வென்றவனைப் பாட ஆயிரம் பேர் உண்டு. ஐந்து வயது மகளைப் பல் விளக்க வைக்கப் புறப்பட்டவனைப் பாட எம்மை விட்டால் ஆளில்லை.

எதிர்நின்றவளோ எளியவள் அல்லள். இருபது பாற்பற்களின் ஏகபோக அரசி, சுருள்முடிச் சுகப்பிரியா! அவள் வாய் திறந்தால், அவர்கள் குடியிருந்த பென்னலூரின் தெருநாய்கள் வாய் மூடும். அவள் வாய் மூடினாலோ, நெம்புகோலாலும் நெகிழ்த்த முடியாத இரும்புக் கோட்டை அது. பிரஷைக் கண்ட மாத்திரத்தில் கட்டிலுக்கடியில் கரந்துறைவாள். இழுத்தால் தண்ணீர் டிரம்மைச் சுற்றி ஓடுவாள். பிடித்தால் எலும்பே இல்லாதவள்போல் வழுக்கிக் கீழே விழுவாள். மிரட்டல், கெஞ்சல், சாக்லேட் என்னும் மூவகைப் படைக்கலங்களையும் வீசித் தோற்றிருந்தான் நம் தலைவன்.

தோற்றால் என்ன, ஒரு நாள் பல் விளக்காவிட்டால் குடியா முழுகிவிடும் என்பீர்கள். முழுகும். மனைவி மாரிசெல்விக்கு செல்போன் கம்பெனியில் நைட் ஷிப்ட். அவள் வீடு திரும்புமுன் இவனுடைய கம்பெனிப் பேருந்து தெருமுனையைத் தாண்டிவிடும். ஆகவே விடியற்காலைப் போர்முனை முழுவதும் இவன் ஒருவன் பொறுப்பு. இரு முறை பேருந்தைத் தவறவிட்டாயிற்று. சூப்பர்வைசர் பாண்டுரங்கனார் லைன் நடுவே நின்று, கன்வேயர் இரைச்சலையும் மிஞ்சும் குரலில் பிரகடனம் செய்துவிட்டார்:

"இசக்கி, இன்னொரு தபா பஸ்ஸ வுட்டுட்டு வந்தினு வையி, நைட் ஷிப்ட்ல தூக்கிப் போட்ருவேன். அப்பாலிக்கா என்னாண்ட வந்து நிக்காத, சொல்ட்டேன்!"

தாயும் நைட், தந்தையும் நைட் என்றால், அப்பாவின் காதுமடலைப் பிடித்துக்கொண்டாலன்றிக் கண்ணுறங்காத அந்தப் பிள்ளை யார் காதைப் பிடிக்கும்? இதை நினைத்தபோதெல்லாம் இரும்புக்கும் அஞ்சாத அந்த நெஞ்சு உண்மையாகவே கலங்கியது. இந்த ஓரிடத்தில் மட்டும் நாம் கேலி செய்ய மாட்டோம்.

அவ்வமயம் பெற்றோர் கூட்டம் கூடிற்று. யூகேஜி மிஸ் பூஜா, சாக்பீஸ் தோய்ந்த செங்கையை உயர்த்தி, இசக்கியப்பனின் செவிகளில் ஞானோபதேசம் பொழிந்தாள்: "சார், தப்பு பண்ணா கத்தாதீங்க, கண்டுக்காம வுட்டுடுங்க. நல்லது பண்ணா உடனே, அந்த நிமிஷமே, ஒரு ஸ்டார் குடுங்க. பத்து ஸ்டார் சேர்ந்தா அவளுக்குப் புடிச்சது ஒண்ணு வாங்கிக் குடுங்க. பசங்க தன்னால வழிக்கு வந்துடுவாங்க."

கேட்ட வீரன் மெய்சிலிர்த்தான். இது எங்கள் கம்பெனி முறையல்லவா! நல்ல உருப்படிக்குப் பச்சை ஸ்டிக்கர், பழுதுக்குச் சிவப்பு ஸ்டிக்கர். இரும்பே திருந்தும்போது இவள் திருந்தமாட்டாளா? அச்சு மங்கியதென்று குப்பைக்கூடையில் வீசப்பட்டிருந்த இருவண்ண ஸ்டிக்கர்ச் சுருள்களை, கடல் கடந்து கொணர்ந்த கைப்பொருள்போல் மார்போடணைத்து வீடு சேர்த்தான். பீரோ முன்னே நின்று, மீசை துடிக்க, மகளுக்குச் சாசனம் அருளினான்:

"ஏட்டி சுகி, நல்லாக் கேட்டுக்கோ. பல்லு வெளக்குனா பச்ச. வெளக்கலன்னா செவப்பு. செவப்பு ஒட்டுனா ரீஒர்க், திரும்ப மொதல்லருந்து வரணும். பச்ச ஒட்டுன பீஸ ஒருத்தரும் மறுபடி தொடக் கூடாது. எங்க கம்பெனில மொதலாளியே வந்தாலும் இதான் சட்டம்!"

"எல்லாருக்குமாப்பா?" என்று வினவினாள் அரசி.

"எல்லாருக்குந்தாம்ட்டி!" என்றான் அந்த அப்பாவி.

முதல் நாள் முழு வெற்றி. பளபளக்கும் பச்சைமேல் பேராசை கொண்ட பாவை தானே பிரஷைப் பற்றித் தானே துலக்கித் தானே துப்பினாள். பீரோக் கதவில் முதல் பச்சை ஒட்டப்பட்ட அக்கணம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்து வாழ்த்தியது. இசக்கியப்பன் பேருந்தில் சன்னலோர இருக்கையே பெற்றான்.

மறுநாள் அவன் டிபன் பாக்ஸில் தயிர்சாதம் அடைத்துக்கொண்டிருந்த இடைவெளியில், சுருளை வசப்படுத்திய சூழ்ச்சிக்காரி, பிரஷை நனைக்காமலே தன் கன்னத்தில் ஒரு பச்சையை ஒட்டிக்கொண்டு கட்டில்மேல் காலாட்டியபடி வீற்றிருந்தாள். "நா ஓகே பீஸு. தொடக் கூடாது" என்றாள். நீட்டிய பிரஷ் அந்தரத்தில் நின்றது. பிடித்திழுத்து விளக்கிவிடலாம்தான். ஆனால் பச்சை ஒட்டிய உருப்படியில் மீண்டும் கைவைப்பது அவன் தொழில்தர்மத்துக்கே இழுக்கு அல்லவா? பரிசோதகர் குலதிலகம் பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கிற்று. அன்று மாலையே சுருள்கள் பீரோ உச்சிக்கு இடம்பெயர்ந்தன.

சுருளை இழந்தவள் சும்மாயிருப்பாளா? அடுத்த காலையில் ஆரம்பித்தாள் ஓர் அழுகை! சிப்காட் சங்குகளெல்லாம் ஒருசேர ஊதினாற்போல் உத்தரம் அதிர்ந்தது. பூஜா மிஸ்ஸின் உபதேசத்தை உன்னிய வீரனோ, தப்பைக் கண்டுகொள்ளாத தவக்கோலம் பூண்டு, கேஸ் சிலிண்டரை இமையாமல் நோக்கி நின்றான். அவன் வேலைக்குப் போனபின் மகளைப் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டு உரிமையாளர் சுந்தராம்பாள் அம்மையார் மூச்சிரைக்க மாடியேறி வந்து கர்ஜித்தார்:

"இன்னாபா இது, கொயந்த இப்டி கத்திகினு கீது, நீ இன்னாடான்னா சிலிண்டரப் பாத்துகினு நிக்கிற?"

அம்மையார் புகுந்ததும் சட்டென நின்றது அழுகை. "ஆகா, அழுகை நின்றதே, இதுவும் நல்லதுதானே" என்று பூரித்து, உடனே, அந்த நிமிஷமே, ஒரு பச்சையை எடுத்து ஒட்டினான் பாருங்கள், அங்கேதான் சறுக்கினான். மறுநாள் முதல் சுகப்பிரியா நிறுத்துவதற்காகவே அழத் தொடங்கினாள். ஓர் அழுகை, ஒரு நிறுத்தம், ஒரு பச்சை. மறுபடி ஓர் அழுகை. பீரோ பசுமை பூத்துக் குலுங்கிற்று. பல் மட்டும் மஞ்சள் மாறவில்லை. பத்துப் பச்சை சேர்ந்ததற்காகக் குன்றத்தூர் மலையடிவாரத்தில் பஞ்சுமிட்டாயும் கப்பமாகக் கட்டப்பட்டது. தலைவனோ காலைதோறும் சட்டைப் பொத்தானைத் தெருவில் மாட்டியபடி ஓடிப் பேருந்தின் பின்கம்பியைப் பற்றித் தப்பித்துக்கொண்டிருந்தான். மாரிசெல்வி மட்டும், அவன் வீட்டிலிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஷிப்ட் முடிந்து வந்து, பீரோவைப் பார்த்துவிட்டு, "யாரு யாரப் பழக்குதாவளோ!" என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அந்தச் சொல் அவனை அம்பாய்த் தைத்தது.

வந்தது இறுதிப் போர்நாள். பொழுது புலருமுன் எழுந்தான், பால் காய்ச்சினான், டிபன் கட்டினான், மகளின் சீருடையைத் தேய்த்தான். தன்னைப் பற்றிய நினைவே அற்றவனாய்த் தரையில் மண்டியிட்டு, இரு சுருள்களையும் அவள் கையிலேயே ஒப்படைத்து, யாரும் எதிர்பாராத அஸ்திரத்தை எய்தான்:

"தாயி, இன்னைக்கு அப்பா இன்ஸ்பெக்டர் இல்ல. நீதான் இன்ஸ்பெக்டர். நல்ல பல்லு எது, கெட்ட பல்லு எதுன்னு நீயே பாத்து ஒட்டணும். பொய் சொல்லிராத, என்ன?"

பதவி பொல்லாதது. அதை ஏற்ற கணமே அரசியின் முகத்தில் அதிகாரம் வந்து அமர்ந்தது. ஸ்டூலில் ஏறினாள், கண்ணாடி முன் நின்றாள், மேல்வரிசை, கீழ்வரிசை, உள்வரிசை, கடைவாய் என ஒவ்வொரு பல்லையும் முன்னும் பின்னும் துலக்கி, கொப்பளித்து, உற்று நோக்கி, தலையசைத்து, தன் நெஞ்சில் பச்சையைத் தானே ஒட்டினாள். அழாமல் வந்த பச்சை! உழைத்துப் பெற்ற பச்சை! வென்றான் இசக்கியப்பன், வென்றான்! அவன் கண்ணில் நீரே துளிர்த்தது.

தெருமுனையில் பேருந்து ஹாரன் முழங்கிற்று. பாய்ந்து ஷூவுக்குள் காலை நுழைத்தான் வீரன். "அப்பா, நில்லு! ஆ காட்டு!" என்று ஆணை பிறந்தது. சாசனம் எல்லாருக்கும் பொதுவன்றோ? குனிந்து வாய் பிளந்தான். பிஞ்சு மூக்கு சுருங்கிற்று. பிஞ்சுக்கரம் அவன் தோளின் பின்புறம் எதையோ ஓங்கி ஒட்டிற்று.

"நல்லா ஒட்டுனியாட்டி?"

"நல்லா ஒட்டிட்டேம்ப்பா."

மகளைச் சுந்தராம்பாளின் மடியில் இறக்கிவிட்டு, மானைத் துரத்தும் புலிபோல் தாவி, சேற்றைத் தாண்டி, தண்ணீர் லாரியைத் தாண்டி, நகரத் தொடங்கிய பேருந்தின் முன்படியிலே முழுப் பொத்தான்களோடு ஏறி நின்றான் நம் தலைவன். நைட் ஷிப்ட் என்னும் அரக்கன் மாண்டான். அந்தப் பிள்ளைக்கு அப்பாவின் காது மிஞ்சிற்று. லைன் தோழன் மணிகண்டபிரபுவின் அருகமர்ந்து, படலம் முழுவதையும், ஆதியோடந்தமாக, முகத்தருகே முகம் வைத்து, வாய் நிறைய முழங்கினான். தோழனோ சன்னல் கண்ணாடியைத் திறந்து, தலையை வெளியே நீட்டியபடியே கதை கேட்டான்.

"பின்னால தோளப் பாருடே! எம்மவ எனக்கே பச்ச குத்தி அனுப்பியிருக்கா!"

"அண்ணே, அது பச்ச இல்லண்ணே. செவப்பு."

காலையில் நடந்த பரபரப்பில் இசக்கியப்பன் பல் விளக்க மறந்துவிட்டான்.