பன்னிரண்டாம் எண் நாற்காலியை விட்டுவிடாதே

சாஸ்கட்டூன்,
நவம்பர் 24

அன்புத் தங்கை வெர்னாவுக்கு, அண்ணன் எல்மர் எழுதுவது. இங்கே நானும் பூனையும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. கெலோனாவில் நீயும் மகள் வீட்டாரும் சுகமாகத்தான் இருப்பீர்கள், எங்கள் அளவுக்குப் பனி விழாத ஊரில் என்ன குறை.

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளை ஓரெஸ்ட், போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆயிற்று, மைதானத்தில் அவருடைய பன்னிரண்டாம் எண் நாற்காலியை இனி எதற்கு வைத்திருப்பது, அடுத்த வருஷம் முதல் விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். விட்டுவிடாதே. நம் பேட்ஜர்ஸ் ஃபுட்பால் அணி இந்த வருஷம் ஆடிய கதையைச் சொல்கிறேன், அப்புறம் நீயே முடிவு செய்.

ஜூனில் முதல் ஆட்டம். குளிர்காலத்தில் பழைய பெஞ்சுகளைக் கழற்றிவிட்டு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்; எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும். முப்பத்தொரு வருஷமாக உட்காரும் அதே இடத்தில், மாப்பிள்ளைக்கு இடது பக்கம், போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் ஆளில்லை, ஆனாலும் அது விரிந்தே இருந்தது. கையால் தூக்கி மடக்கினேன். மெதுவாக இறங்கிக்கொண்டது. புதுச் சாமான், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பழக்க தோஷத்தில் காலையில் மாப்பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு தர்ப்பூசணியை, நம் ரசிகர் வழக்கப்படி தலைக்கவசமாகக் குடைந்து எடுத்துப் போயிருந்தேன்; ஒன்றை என் தலையில் கவிழ்த்துக்கொண்டு மற்றதை அந்த நாற்காலியில் வைத்தேன். காபியும் இரண்டு. இடைவேளையில் பார்த்தால் அவர் கோப்பை காலி. என் மேல்தான் சந்தேகப்பட்டேன், எழுபத்துநாலு வயதில் ஞாபகமில்லாமல் இரண்டு காபி குடிப்பது ஒன்றும் அதிசயமில்லை. நம் வரிசையில் இடம் காட்டும் டோரீன் மட்டும் எப்போதும்போல, "ரெண்டு பேரும் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முதல் நாலு ஆட்டமும் தோல்வி. ஐந்தாவதுக்கு, நாற்காலி வீணாகிறதே என்று என் பல் டாக்டரைக் கூட்டிப் போனேன். மனிதர் பத்து நிமிஷத்தில் எழுந்து படிக்கட்டில் போய் நின்றுகொண்டார்.

"என்ன டாக்டர், ஆட்டம் பிடிக்கலையா?"

"ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. இங்க உட்கார்ந்தா என் மடியில யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கு, எல்மர். நல்ல கனம்."

"எங்க மாப்பிள்ளை நூத்திப் பத்துக் கிலோ. அப்படித்தான் இருக்கும்."

அன்று நாற்பது புள்ளியில் தோற்றோம். அதன் பிறகு யாரையும் அதில் உட்கார விடவில்லை, வரிசையாக ஏழு ஆட்டம் ஜெயித்தோம். உனக்குத்தான் தெரியுமே, பந்தோடு பத்து கெஜம் முன்னேற மூன்று தடவைதான், மூன்றாவது தடவையில் பயந்தவர்கள் ஓடாமல் பந்தை உதைத்துவிடுவார்கள். அப்போதெல்லாம் மாப்பிள்ளை பெஞ்சில் இரண்டு தட்டு தட்டி, "உதைக்காதீங்கடா, ஓடுங்கடா" என்பார். இந்த வருஷமும் ஒவ்வொரு மூன்றாவது தடவைக்கும் பக்கத்திலிருந்து டக், டக். கத்துவதை நான் பார்த்துக்கொண்டேன்.

போன ஞாயிறு மத்தியானம் அரையிறுதி. கடைசி நொடிகள், இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், மூன்றாவது தடவை, வேண்டியது ஒரே கெஜம். டக், டக். நான் தொண்டை கிழியக் கத்தினேன். உதைத்தார்கள். பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. குறி தப்பியதற்கும் ஒரு புள்ளி கொடுக்கிற தர்மவான்கள் நம் ஊர் ஆட்டத்துக்கு விதி எழுதியவர்கள், ஆக ஒரு புள்ளியில் தோற்றோம். அந்த ஆறுதல் புள்ளியைக் கண்டால் மாப்பிள்ளைக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வரும். தர்ப்பூசணிகளை எடுத்தேன். மைனஸ் பதினெட்டு. கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு நான் காலடியில் வைத்திருந்த என்னுடையது கல்லாக உறைந்திருந்தது. அவருடையது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் தலையிலிருந்து கழற்றினதுபோல. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், வெர்னா. அவர் இல்லாமல் என்னால் ஒரு ஆட்டம் பார்க்க முடியாது. வருஷம் பூராவும் அவர் நாற்காலியைக் காத்து வைத்திருக்கிறேன், நீ அதை அந்நியருக்குக் கொடுத்துவிடாதே.

உனக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இந்த அண்ணனின் ஆசி எப்போதும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு பெரோகிக் கொழுக்கட்டை பிடித்தால் எனக்கும் நாலு டஜன் ஒதுக்கி வை.

உன் அண்ணன்,
எல்மர்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அடுத்த வருஷத்துக்கான படிவம் மைதானத்தின் படத்தோடு வந்திருக்கிறது. புது நாற்காலிகளுக்கு எண்ணை மறுகோடியிலிருந்து போட்டிருக்கிறார்கள். ஆக, பன்னிரண்டு இருப்பது நான் உட்கார்ந்த இடது பக்கம். வருஷம் பூராவும் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். பக்கத்தில் விரிந்தே கிடந்த பதினொன்று என்னுடையது. டோரீனுக்குப் போன் செய்தேன். "தெரியும் எல்மர்," என்றாள். "உங்க இடத்துலதான் ஏற்கெனவே ஆள் இருந்தாரே, அதான் ஒண்ணும் சொல்லல." பன்னிரண்டை விட்டுவிடாதே, வெர்னா. நீ விட்டுவிட்டால் நான் பதினொன்றில் போய் உட்கார வேண்டியிருக்கும்.