விரலிடுக்குச் சோதனை

நீச்சல் குளத்தின் கண்காணிப்பாளர் தன் வலது காலின் சுண்டு விரலை விலக்கிப் பார்த்தார். ஊரில் வேறு யாருக்கு வந்தாலும் தனக்கு மட்டும் வரக் கூடாத ஒன்று அங்கே வெள்ளையாக ஊறிப்போய் உட்கார்ந்திருந்தது. சேற்றுப்புண்.

குளத்துக்கு வருகிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் விரல் வாத்தியார். வாசலில் ஒரு குட்டை முக்காலியைப் போட்டு, அதன் மேல் பச்சைக் கம்பளத் துண்டு ஒன்றை ஆணியடித்து வைத்திருந்தார். நீந்த வருகிறவரோ, மேலாளர் வரைக்கும் வேலை பார்க்கிறவரோ, எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் கழுவிய ஈரத்தோடு அதன் மேல் வெறுங்காலை வைத்து விரல்களை விரித்துக் காட்டியாக வேண்டும். விரிக்கத் தெரியாமல் விழிப்பவர்களுக்குத் தன் காலையே வைத்துக் காட்டுவார். இடுக்கில் இம்மி வெள்ளை தெரிந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். முக்காலிக்கு நாள் முழுக்க ஓய்வில்லை. கம்பளம் காய்ந்து யாரும் பார்த்ததில்லை.

அந்த முக்காலியில் டாக்டரும் மாட்டியிருக்கிறார், மருந்துக்கடைக்காரரும் மாட்டியிருக்கிறார். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவர்களைத் திருப்பி அனுப்பியவர் வாத்தியார். ஆகவே இப்போது டாக்டரிடம் காலைக் காட்டவும் முடியாது, கடையில் களிம்பு கேட்கவும் முடியாது. வீட்டு வைத்தியம்தான் கதி என்று ஆகிவிட்டது.

முதலில் வினிகர். விருந்தாளிகளுக்கென்று மனைவி பத்திரப்படுத்தியிருந்த பீங்கான் பாத்திரத்தில் ஊற்றி, குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு காலை விட்டார். எரிச்சல் உச்சந்தலை வரை ஏறியது. துண்டைக் கடித்துக்கொண்டார்.

வெளியிலிருந்து மனைவி கதவைத் தட்டினாள். "உள்ள என்ன பண்றீங்க? ஏதோ புளிச்ச நாத்தம் அடிக்குது."

"குழாயைக் கழுவறேன்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு கரண்டியக் கூட கழுவாத மனுஷன்..." என்று ஆரம்பித்து, முடிக்காமலே போய்விட்டாள். அவள் முடிக்காமல் விடுகிற வாக்கியங்கள்தான் ஆபத்தானவை என்பது அவருடைய அனுபவம்.

அடுத்து பூண்டு. நசுக்கி விரலிடுக்கில் வைத்துக் கட்டி, மேலே காலுறை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். மதியத்துக்குள் இடுக்கு வெந்து கொப்பளித்தது. நீச்சல் பயிற்சியாளர் மூக்கை உறிஞ்சி, ஊழியர் அறையில் யார் சமைக்கிறது என்று விசாரித்தார். நொண்டி நடப்பதைப் பார்த்த மேலாளர் என்ன ஆச்சு என்று கேட்டார். முட்டி வலி என்று சொல்லிவைத்தார் வாத்தியார். அன்று முழுக்க முட்டியைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவதாக, ஈரம்தான் எதிரி என்று எங்கோ படித்துவிட்டு, மகளின் முகப் பவுடர் டப்பாவை அப்படியே காலுறைக்குள் கவிழ்த்துக்கொண்டார். குளத்தோரத்து ஈரத்தில் நடக்க நடக்க அது கூழாகி ஷூவின் தையல் வழியாகக் கசிந்தது. மேலாளர் வந்து பார்த்தபோது குளத்தைச் சுற்றி வெள்ளைத் தடங்கள் கோலாகலமாக ஓடிக்கொண்டிருந்தன.

"இது என்ன?"

வாத்தியாரின் வாய் மூளையைக் கேட்காமல் பேசியது. "சேத்துப்புண்ணுக்குப் போடுற பவுடர் சார். யாரோ மறைச்சுக்கிட்டு உள்ள வர்றாங்க."

சொன்ன பிறகு, அது உண்மைதானே என்று அவருக்கே தோன்றிவிட்டது. மேலாளரின் மாமனார் நினைவுக்கு வந்தார். பெரியவர் தினமும் காலையில் மருமகனின் அறை வழியாக, பின்வாசலில் வந்து நீந்திவிட்டுப் போகிறவர். முக்காலிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இது வாத்தியாருக்கு ரொம்ப நாள் வயிற்றெரிச்சல். எனக்கு இந்தச் சனியனை ஒட்டவைத்தது அந்த மனுஷன்தான் என்று சத்தியமே செய்வார் போலிருந்தது.

"சோதிக்காத கால் இந்தக் குளத்துல ஒருத்தரோடதுதான் சார்" என்றார்.

மேலாளரின் முகம் சுருங்கியது. "சரி. நாளைக்குக் காலையில எல்லாரையும் பாத்துடுவோம். மெம்பருங்க, ஊழியருங்க, என் மாமனார், நான், நீங்க. புண்ணு இருக்கிற ஊழியருக்கு இங்க வேலை இல்ல. நீங்க எழுதி மாட்டின விதிதானே?"

அந்த விதியின் கீழே வாத்தியார் தன் கையாலேயே சிவப்புக் கோடும் போட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கடைசி முயற்சியாக, மனைவியின் தலைமுடி உலர்த்தியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டிருந்தபோது கையும் காலுமாகப் பிடிபட்டார். அவள் சிரிக்கவில்லை. வெந்து, உரிந்து, பவுடர் அப்பிக் கிடந்த காலைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இந்த வேலையத் தவிர வேற எதுவும் தெரியாதும்மா" என்றார். உண்மையிலேயே பயந்துபோயிருந்தார்.

"அவங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. அதுல கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்."

மறுநாள் முக்காலியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. மேலாளர் வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் காலுறையைக் கழற்றி, பச்சைக் கம்பளத்தின் மேல் காலை வைத்தார்.

"எனக்கு இருக்கு."

கூட்டம் சிரிக்கப்போகிறது என்று காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் மெதுவாகக் குனிந்து தன் ஷூவைக் கழற்றினார்.

"எனக்கும்தான்" என்றார், யாரையும் பார்க்காமல்.

பயிற்சியாளர் தன் கால் விரலில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்தார். அதற்குப் பிறகு வரிசை முழுக்கக் காலுறைகள் உருண்டு கீழே இறங்கின. ஒவ்வொருவரும் வாத்தியாருக்குப் பயந்து, நல்ல காலை மட்டும் முக்காலியில் காட்டிவிட்டு, வீட்டிலேயே ரகசிய வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் காலில் வினிகர் நெடி. குளத்து வாசலில் பூண்டு வாசம் கிளம்பியது, இந்த முறை வாத்தியாரிடமிருந்து அல்ல. டாக்டர் எல்லாக் கால்களையும் பார்த்துவிட்டு, இத்தனை பேருக்கும் ஒரே இடத்திலிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும் என்றார்.

வேலை போகாது என்று புரிந்ததும் வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிரோடு அதிகாரமும் வந்தது.

"அது எந்த இடம்னு இப்பத் தெரிஞ்சுடும்" என்று மேலாளரின் மாமனார் பக்கம் திரும்பினார். "ஐயா, வாங்க. வைங்க காலை."

பெரியவர் நீச்சல் உடையில் முன்னால் வந்தார். காலை முக்காலியில் வைக்காமல், மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தூக்கி, விரல்களை விரித்துக் காட்டினார். பிறந்த குழந்தையின் கால் மாதிரி பளிச்சென்று இருந்தது. இன்னொரு காலும் அப்படியே.

பிறகு முக்காலியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இத்தனை பேர்ல அந்தப் பச்சைத் துண்டு மேல ஒரு நாளும் கால் வைக்காதவன் நான் ஒருத்தன்தான்."