பறவைச் சத்தத் துணைவிதி

மறுபடியும் அந்தச் சேவல் கூவல். மணி நாலே முக்கால்.

நகரசபை அதிகாரி உட்பிரிவு தலையணையை வீசிவிட்டு எழுந்தார். நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டு, சமையலறையைத் தாண்டி, பின்கதவைப் படாரென்று திறந்தார். சத்தம் சட்டென்று நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் பல் டாக்டர் வீடு அமைதியாக இருந்தது. இந்தப் பக்கம், கூரைக் கம்பியில் தொங்கிய கூண்டில் கிளி மட்டும் விழித்துக்கொண்டு அவரைப் பார்த்தது.

“உன் தூக்கமும் போச்சா?” என்று அதைக் கேட்டார்.

கிளி தலையைச் சாய்த்தது. வந்ததிலிருந்து அது யாருக்கும் பதில் சொன்னதில்லை. எட்டு வயது மகள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, “அக்கா சொல்லு, அக்கா சொல்லு” என்று அரை மணி நேரம் பாடம் நடத்துவாள். அது அவளையே பார்த்துக்கொண்டு பழத்தைத் தின்னும். ஊமைக் கிளி என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவளுக்கு அதனால் பாசம் கூடியதே தவிரக் குறையவில்லை.

படுக்கைக்குத் திரும்பியதும் மனைவி போர்வைக்குள்ளிருந்து கேட்டாள். “நின்னுடுச்சா?”

“கதவைத் திறந்தேன், கப்சிப். அதிகாரின்னா அதுக்கும் ஒரு பயம் இருக்கு பாரு.”

“சேவல்தான் ஒண்ணு பயப்படுது உங்களுக்கு. ஆனா ரொம்பப் பக்கத்துல கேக்குதுங்க.”

“அடுத்த வீடுன்னா பக்கத்துலதான் கேக்கும். பல் டாக்டர் வேணும்னே வளர்க்கிறான்.”

குப்பைத்தொட்டியை யார் வாசலில் வைப்பது என்ற தகராறில் அவரும் பல் டாக்டரும் பேச்சு வார்த்தையை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. போய்க் கேட்டால் கௌரவம் என்னாவது? தவிர, கேட்பது சாதாரண ஆட்கள் செய்கிற வேலை. அவர் விதி எழுதுகிறவர்.

உட்பிரிவு என்பது அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவருக்கும் அது தெரியும். நகரசபையில் துணைவிதி எழுதும் பிரிவில் இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். சட்டசபை ஒரு சட்டம் போடும். அதில் ‘நகரத்தில் தொல்லை தரும் சத்தங்களைத் தடுக்க வேண்டும், தடுக்கும் முறையை நகரசபை துணைவிதிகளால் வகுக்கலாம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடும். சமைக்கச் சொல்வது அவர்கள். உப்பு எத்தனை கரண்டி என்று எழுதுவது இவர். உறுப்பினர்கள் படிக்காமலே கை தூக்குவார்கள். நாட்டில் பாதியை ஆள்வது தன் பேனாதான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. வீட்டில் எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்பதில்கூட அவர் பேச்சு எடுபடாது என்பது வேறு விஷயம்.

அன்று பத்து மணிக்கே வரைவு தயார். ‘நகர எல்லைக்குள் எவரும் சேவல் வளர்க்கக் கூடாது.’

சட்ட ஆலோசகர் அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார்.

“மூலச் சட்டம் உங்களுக்குக் குடுத்த அதிகாரம் எதுக்கு சார்?”

“சத்தத்தைத் தடுக்க மேடம்.”

“வளர்க்கிறதைத் தடுக்க இல்லையே. குடுத்த அதிகாரத்துக்கு மேல ஒரு அடி வெச்சாலும் கோர்ட்ல கிழிச்சுப் போட்டுடுவாங்க. சத்தம் போடக் கூடாதுன்னு எழுதுங்க. அப்புறம், சேவலை மட்டும் ஏன் பிடிச்சுக்கிட்டீங்க? வாத்து கத்தினா பரவாயில்லையா? பறவைகள்னு போடுங்க.”

‘பறவைகள்’ என்று போட்டார். பெருமையாக வீட்டுக்கு எடுத்துவந்து மனைவியிடம் படித்தும் காட்டினார்.

“கிளி பறவை இல்லையா?” என்றாள் மனைவி.

அவர் வரைவை மறுபடியும் ஒரு முறை படித்துப் பார்த்தார். இருபத்திரண்டு வருட அனுபவம் அந்த நிமிடம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

“என் தம்பி கோழிப் பண்ணையில தனியா கிடந்த ரெண்டு வருஷமும் அதுதான் அவனுக்குத் துணை. மாத்தலாகிப் போறப்ப நம்மள நம்பி விட்டுட்டுப் போனான். அதை நாளைக்கு யாராவது புகார் குடுத்துத் தூக்கிட்டுப் போனா, பொண்ணு முகத்துல முழிப்பீங்களா?”

மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்பா, கிளியைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்களா?”

“அப்பா இருக்கேன்டா கண்ணு. அப்பா ஒரு விலக்கு போட்டுடறேன்.”

மறுநாள் ஒரு வரி சேர்த்தார்: ‘கூண்டில் வளர்க்கப்படும் பறவைகள் நீங்கலாக.’ வரைவை, ஆட்சேபம் இருப்பவர்கள் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்ற குறிப்போடு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அவர் ஒட்டிய எந்த வரைவுக்கும் இதுவரை ஒரு ஆட்சேபம் வந்ததில்லை. பலகையின் கண்ணாடிக்குள் குடியிருக்கும் பல்லியைத் தவிர யாரும் அதைப் படித்ததில்லை.

இருபத்தெட்டாவது நாள் ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பல் டாக்டர்.

‘இந்தத் துணைவிதியை வரவேற்கிறேன். ஆனால் கூண்டில் இருந்தால் மட்டும் சத்தம் குறைந்துவிடுமா? அந்த விலக்கை நீக்க வேண்டும். விடியற்காலையில் தூங்க முடியாமல் நான் நோயாளியின் நல்ல பல்லைப் பிடுங்கப் பார்த்தேன்.’

உட்பிரிவு மூன்று முறை படித்தார். “என்ன நெஞ்சழுத்தம் பாருங்க மேடம்! சேவலை வெச்சுக்கிட்டு அவனே விதியைக் கடுமையாக்கச் சொல்றான்.”

“வந்த ஆட்சேபத்தைப் பரிசீலிக்கணும்னு சட்டம் சொல்லுது. நியாயமாத்தான் கேட்டிருக்காரு. விலக்கை எடுத்துடுங்க.”

எடுத்தார். அன்று மாலை மகள் அவரோடு சாப்பிட உட்காரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு சேவலோடு மல்லுக்கு நின்று, பெற்ற பெண்ணின் கிளிக்கு உலை வைத்தவன் நான் ஒருவன்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டி முடித்ததும் ஒரு யோசனை வந்தது. திட்டோடு நிறுத்தியிருக்கலாம்.

கிளிதான் ஊமையாயிற்றே!

மறுநாள் புதிய உட்பிரிவு ஒன்று பிறந்தது. ‘குரல் எழுப்பாத பறவை என ஆய்வாளர் நேரில் கண்டு சான்றளித்தால் விலக்கு உண்டு.’

“ஆய்வாளர் எப்பப் போவாரு, எப்படிப் பாப்பாரு?” என்றார் சட்ட ஆலோசகர் அம்மா.

இந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருந்தார். “புகார்ல சொன்ன அதே நேரத்துல போகணும். பறவையோட கண்ணுல படாம ஒளிஞ்சிருந்து பாக்கணும். ஏன்னா சில பறவைங்க ஆளைக் கண்டா வாயை மூடிக்கும் மேடம். எனக்கு அனுபவம் இருக்கு.”

“கூவினா?”

“அன்னைக்கே பறிமுதல். நேரா பறவைக் காப்பகம்.”

“மேல்முறையீடு?”

“வேண்டவே வேண்டாம். இழுத்தடிப்பாங்க.”

அந்த அம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். “சார், இவ்வளவு கடுமையா நீங்க எதையும் எழுதி நான் பாத்ததே இல்ல.”

“பொதுநலம் மேடம்,” என்றார் உட்பிரிவு.

கூட்டத்தில் உறுப்பினர்கள் வழக்கம்போலக் கை தூக்கினார்கள். விதி அமலுக்கு வந்தது.

வீட்டில் நிலைமை தலைகீழானது. இத்தனை நாள் கிளியைப் பேசச் சொல்லிக் கெஞ்சியவர்கள், இப்போது அது எதையும் கற்றுக்கொண்டுவிடக் கூடாது என்று பயந்தார்கள். பின்கட்டில் எல்லோரும் கிசுகிசுத்தார்கள். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்பே மனைவி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள், காய் வேகவில்லை. உட்பிரிவுக்குத் தும்மலை அடக்கி அடக்கிக் காது அடைத்துப் போனது. கைப்பேசியை மௌனத்தில் போட்டதால் மேலதிகாரியின் அழைப்புகள் நான்கைத் தவறவிட்டு, மெமோ ஒன்றையும் வாங்கினார். மகள் மட்டும் கூண்டுக்கு முன்னால் உதட்டில் விரலை வைத்து, கிளிக்கு மௌனப் பாடம் எடுத்தாள்.

விதியின் கீழ் முதல் புகார் அவருடையது: அடுத்த வீட்டில் சேவல். முதல் விலக்கு விண்ணப்பமும் அவருடையது: தன் வீட்டில் ஊமைக் கிளி. இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தார்.

சுகாதார ஆய்வாளர் புதன்கிழமை விடியற்காலை நாலரைக்கு வந்தார். அதிகம் பேசாத மனிதர். பறிமுதல் படிவத்தையும் சான்றிதழ்ப் படிவத்தையும் பையில் வைத்திருந்தார்.

“பின்கட்டுல வாஷிங் மெஷின் இருக்கு, அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குங்க,” என்று உட்பிரிவு கிசுகிசுத்தார். “அங்கிருந்து மதிலுக்கு அந்தப் பக்கமும் தெரியும், எங்க கிளியும் தெரியும். ஒரே நடையில ரெண்டு வேலையும் முடிஞ்சுடும்.”

“நீங்க பின்பக்கம் வரக் கூடாது சார். விதியில இருக்கு.”

“தெரியும், எழுதினதே நான்தான்.”

முன் அறையில் மூவரும் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், பல் டாக்டரும் தன் வாசலில் வந்து நின்று இந்த வீட்டையே முறைத்துக்கொண்டிருந்தார்.

“பாரு, பயந்துட்டான்,” என்றார் உட்பிரிவு.

நாலே முக்கால். கொக்கரக்கோ!

உட்பிரிவு தொடையில் தட்டிக்கொண்டார். மறுபடியும் ஒன்று. இன்றைக்குக் கதவைத் திறந்து தொந்தரவு செய்ய ஆளில்லாததால், நிறுத்தாமல் ஏழெட்டு முறை நன்றாக நீட்டி முழக்கியது.

“மாட்டிக்கிட்டான்!”

மகள் அவர் கையைப் பிடித்தாள். “அப்பா, நம்ம கிளிக்குச் சான்றிதழ் கிடைச்சிடும்ல?”

“கிடைச்ச மாதிரிதான்டா.”

பல நாளைக்குப் பிறகு அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். இதற்காக எத்தனை உட்பிரிவு வேண்டுமானாலும் எழுதலாம் என்று அவருக்குத் தோன்றியது.

சமையலறைப் பக்கமிருந்து ஆய்வாளர் வந்தார். கையில் படிவம் ஒன்றுதான் இருந்தது, பறிமுதல் படிவம். குழந்தையை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்ன சார், சேவலைப் பாத்துட்டீங்களா?” என்று உட்பிரிவு துள்ளி எழுந்தார்.

“பாத்துட்டேன் சார்,” என்றார் ஆய்வாளர் தயங்கித் தயங்கி. “பச்சைக் கலர்ல, உங்க வீட்டுக் கூண்டுலதான் உக்காந்திருக்கு.”