நத்தைக்கு வைத்த பீர்

புது மருமகள் கையில் போனும் கோவா என்கிற முட்டைக்கோஸ் பாத்தியும் ஒன்றாகக் கிடைக்கவே கூடாது. கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

கல்யாணமாகிக் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிது. தோட்டத்து மாரியம்மன் திருவிழா அன்னதானத்துக்கு வழக்கமாக எங்கள் வீட்டுக் கோவாதான். "இந்த வருஷம் என் பொறுப்பு, அத்தை!" என்று மாமியாரிடம் வாய்விட்டிருந்தேன். (எனக்கு முதல் எதிரி இந்த வாய்தான்.) நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கோவா திரண்டு வந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. நத்தைகள் படையெடுத்தன. அன்னதானக் கோவாவுக்கு மருந்தடிக்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம்.

விடுவேனா? வீட்டுப் பொருட்களாலேயே பூச்சி விரட்டும் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தேன். அடடா, என்ன உற்சாகம்! எதைச் செய்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் செய்தேன். ஒவ்வொரு கோவாவைச் சுற்றியும் அடுப்புச் சாம்பலில் வட்டம். மேலே நொறுக்கிய முட்டை ஓடு. எறும்புக்கு மஞ்சள்தூள். நத்தை விழுந்து சாகத் தேங்காய்ச் சிரட்டை சிரட்டையாகப் பீர். (பீர் வாங்கி வரச் சொன்னதும் என் கணவர் முகத்தில் வந்த வெளிச்சம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. நத்தைக்கு என்றதும் அணைந்துவிட்டது.)

விடிந்ததும் அத்தை அலறினார். "ஐயோ, எவளோ செய்வினை வச்சிட்டா!"

லயமே ஓடி வந்தது.

"அத்தை, அது நத்தைக்கு வச்சதுங்க!"

"நத்தைக்கு யாராச்சும் பீரு ஊத்துவாங்களா? பயத்துல புள்ள ஒளறுது. திருநீறு பூசுங்க!"

நான் கத்தக் கத்த இன்னும் பூசினார்கள். "உங்க மகனையே கேளுங்க!" என்றேன். அம்மா முன்னால் பீர் வாங்கியதை ஒப்புக்கொள்ள அவருக்கு ஏது தைரியம்? வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், பாவி மனுஷன்!

பூசாரி வந்து சிரட்டையை மோந்து பார்த்தார். "செய்வினை இல்லம்மா. முனியாண்டி எடம் கேக்குறாரு."

"சாமி, உள்ள பாருங்க, நத்தை செத்து மெதக்குது!"

"பாத்தீங்களா, பலியும் எடுத்துக்கிட்டாரு!" என்றார் பரவசமாக. கூட்டம் கும்பிட்டது. பிறகுதான் குண்டைப் போட்டார்: "முனிக்குப் படைச்ச எடத்துக் கோவா அம்மனுக்கு ஆகாது."

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. நத்தையை ஜெயித்த கோவா! அத்தை நுவரெலியா சந்தையில் கோவா வாங்கி அன்னதானத்துக்குக் கொடுத்தார். என்னுடையதை நாங்களே நறுக்கி வதக்கிச் சுண்டலாக்கித் தின்று தீர்த்தோம்.

இன்றைக்கும் பாத்தி நடுவில் ஒரு கல், சிவப்புத் துணி. மழைக்காலம் வந்தால் சிரட்டையில் பீர் படையல். (வாங்கி வரும் பக்தர் என் கணவர்.) நத்தைகள் நேராக அங்கே போய் விழுந்துவிடுகின்றன, கோவாவைத் தொடுவதில்லை. "எல்லாம் முனி காவல்" என்கிறார் அத்தை. நானும் ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன்.

ஆனால் என் நாத்தனார் சும்மா இருப்பாளா? வீட்டுக்கு வரும் விருந்தாளி யாராவது தேத்தண்ணி வேண்டாமென்றால் போதும், ஆரம்பித்துவிடுவாள்:

"கூச்சப்படாம குடிங்க. எங்க அண்ணி நத்தைக்கே ஊத்திக் குடுத்தவங்க!"