காட்டேரி காவல் காத்த குழாய்

உத்திரமேரூரில் பேய்க்கு அஞ்சாதவர்கள் உண்டு. காட்டேரிக்கு அஞ்சாதவர் ஒருவரும் இருந்ததில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிப்பவருக்குத்தான் அந்தப் பெயர். நம் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் மருந்து கலப்பார். மெல்லிய கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை அதில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி ஏற்றுவார். அப்போதெல்லாம் அதுதான் முறை. ஜன்னல் வழியாக அதைப் பார்த்த யாரோ ஊரெல்லாம் சொல்ல, பெயர் நிலைத்துவிட்டது. அடங்காத மாட்டைக்கூட அந்த ஜன்னல் பக்கம் ஓட்டிவந்தால் சாதுவாகிவிடும் என்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு முடக்குவாதம் வந்தது. சாலவாக்கம் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். காலையில் விரல்கள் வீங்கி, சாக்பீஸ் பிடிக்க வராது. டாக்டர் மாதாமாதம் காட்டேரியிடம் அனுப்புவார். குழாயை நேராக நிறுத்தி ஒரு மணி நேரம் விட்டால், சிவப்பு கீழே படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். சிவப்பு எவ்வளவு இறங்குகிறதோ, மூட்டுக்குள் அவ்வளவு நெருப்பு என்று அர்த்தம். அந்த மாதமும் அதிகம் இறங்கினால் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிதான், உடல்தகுதிச் சான்று கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சான்று இல்லையென்றால் வேலை இல்லை.

அந்த ஒரு மணி நேரமும் காட்டேரி குழாயருகே காவல் இருப்பார். தும்மினால் முறைப்பார். இருமியவரை வெளியே அனுப்புவார். மேசை அதிரக் கூடாதாம். தெருவில் நெல் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், ஓடிப்போய் மாட்டுக்கு முன்னால் நின்றுவிடுவார்.

அன்றும் வண்டி வந்தது. அவர் ஓடினார்.

"இன்னா, ரோடு உங்க நைனா போட்டதா?" என்றார் வண்டிக்காரர்.

"உள்ள ஒரு வாத்தியாரோட பொயப்பு நின்னுக்கினு கீது. வண்டிய நவுத்தின, அப்பறம் உன் ரத்தத்ததான் எடுப்பேன்."

வண்டிக்காரர் இறங்கி மாட்டின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார். பின்னால் இன்னும் சில வண்டிகள் சேர, சண்டை வளர்ந்தது.

உள்ளே நான் தனியாக இருந்தேன். என் உயிரே குழாயில் இறங்குவதாகப் பட்டது. பி.ஏ. படித்த மூளை ஒரு யோசனை சொன்னது: செங்குத்தாக விழுவதைவிடச் சரிவில் மெதுவாகத்தானே இறங்கும்? சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியைக் குழாய் நின்ற தாங்கியின் ஒரு பக்கம் அடியில் செருகினேன். குழாய் சாய்ந்தது. சாய்ந்த குழாயில் ரத்தம் இன்னும் வேகமாகப் படியும் என்பது எனக்குத் தெரியாது.

காட்டேரி திரும்பியபோது நேரம் முடிந்திருந்தது. பின்னாலேயே டாக்டரும் வந்தார். குழாயைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. பட்டணம்தான் போகவேண்டும் என்றார்.

காட்டேரி குனிந்து தீப்பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெரிய உள்ளங்கையால் அதை மூடி எடுத்துக்கொண்டார்.

"ஸ்டாண்டு சாஞ்சிக்கினு இருந்திச்சி சார். நான்தான் சரியா வெக்கல. இன்னொரு தபா எடுத்துடறேன்."

டாக்டர் வாசலில் காத்திருந்த எல்லோர் முன்னாலும் அவரைக் கிழித்தார். வண்டிகளையே நிறுத்தியவர் தலைகுனிந்து நின்றார். நான் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம்.

டாக்டர் போனதும் காட்டேரி என் மறு கையை நீட்டச் சொன்னார். நான் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"இன்னா வாத்தியாரே, ரத்தம் எறங்காத ஆளு எவன் கீறான்? நீ பயந்துக்கினா அது நின்னுடுமா? பேஜார் பண்ணாம குந்து."

இம்முறை தெருவில் வண்டிகள் போயின. அவர் அசையவில்லை. வண்டிகளைவிட என்மேல்தான் அவருக்குச் சந்தேகம். சிவப்பு போன மாதத்தைவிடக் குறைவாகவே இறங்கியிருந்தது.

சான்று கிடைத்தது, வேலை நிலைத்தது. அதன்பிறகும் மாதாமாதம் அவரிடம் கையை நீட்டினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அடுத்த மாதம் கேட்கலாம் என்றே இருந்தேன். அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

இப்போது ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஒரு பெண் வருகிறாள். வலிக்கவே வலிக்காது தாத்தா என்று கொஞ்சுகிறாள். எனக்கோ, கொஞ்சம் திட்டிக்கொண்டே குத்தம்மா என்று கேட்கத் தோன்றுகிறது.