ஜே.பி.யைக் கடித்த பேய்

எங்கள் தீவுகளில் பேய் பிடித்த பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பேயைப் பிடித்துத் தன்னிடம் வேலைக்கு வைத்திருந்தவள் ஒருத்திதான். விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவளுடையது. பட்டப்பெயர் கடிக்காரி. வீட்டில் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. ரீச்சர் வரவு இடாப்புக் கூப்பிடும்போது மட்டும் அதைக் கேட்டிருக்கிறோம். சில நாள் அது தன்னுடைய பெயர்தான் என்பதை அவளே மறந்துபோய் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஊர் நெடுந்தீவு. உயர்தரம், அதாவது ஏ.எல். படிக்க ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு விடுதியில் இருந்தோம். வெள்ளி பின்னேரம் பஸ் ஏறிக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து படகில் வீட்டுக்குப் போவோம். கொரோனா வருவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். கையில் ஃபோன் இருந்தது, படகில் சிக்னல் இருக்கவில்லை. அதனால் நடுக்கடலில் ஆளையாள் பார்த்துக் கதைத்த கடைசித் தலைமுறை நாங்கள்தான் என்று நினைக்கிறேன்.

அவளுக்கு எதைப் பார்த்தாலும் கேள்வி வரும். உயிரியல் வகுப்பில் இனப்பெருக்கம் என்ற பாடம் வந்த அன்று ரீச்சர், "இதை எல்லாரும் வீட்டை போய் வாசியுங்கோ" என்று சொல்லிவிட்டு நாலைந்து பக்கத்தை ஒரே பிடியில் புரட்டினார். நாங்கள் எல்லோரும் குனிந்து மேசையில் இல்லாத எதையோ சுரண்டிக்கொண்டிருந்தோம். இவள் மட்டும் கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், வீட்டை வாசிச்சால் அம்மா புத்தகத்தைப் பறிச்சுப்போடுவா. அவவுக்கும் இது தெரியாது. இஞ்சயே ஒருக்காச் சொல்லித் தாங்கோ, நான் போய் அவவுக்குச் சொல்லுறன்."

ரீச்சருக்கு இருமல் பிடித்தது. மணி அடிக்கும்வரை விடவில்லை.

அன்று பின்னேரம் தேத்தண்ணி நேரத்தில் இவள் விடுதிக் கதிரை ஒன்றின்மேல் ஏறி நின்று, அந்தப் பாடம் முழுவதையும் வானொலிச் செய்தி வாசிக்கிற குரலில் வாசித்தாள். பிள்ளைகள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள், விரல்களுக்கு நடுவில் நல்ல இடைவெளி விட்டு.

அவளுடைய இன்னொரு ஆராய்ச்சி பேய்களைப் பற்றியது. விடுதிக்குப் பின்னால் ஒரு பாழ்ங்கிணறு. அதில் ஒரு மோகினி இருக்கிறது, வயதுக்கு வந்த பிள்ளைகளைத்தான் பிடிக்கும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். இவள் ஒருநாள் மத்தியானம் பாயையும் இரசாயனவியல் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அங்கே போய் இருந்து படித்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஒருத்தியும் வரேல்லையடி. எனக்கு ஒரு சந்தேகம் கேக்க இருந்தது."

"பேயிட்டை என்னடி சந்தேகம்?"

"ஆம்பிளை செத்தால் படமாய்ச் சுவரில தொங்குறான். பொம்பிளை செத்தால் மட்டும் ஏன் புளியமரத்தில தொங்குறாள்?"



படகில் எங்களோடு வருகிற ஒரு பெடியன் இருந்தான். வர்த்தகப் பிரிவு, சுருட்டைத் தலைமயிர், ஆரோடும் கதைக்கமாட்டான். இவளுக்கு அவனைப் பிடித்துப்போனது. எங்களில் ஒருத்திக்கு அப்படி வந்தால் தலையணைக்குச் சொல்லுவோம். இவள் இறங்குதுறையில் நேரே அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"உம்மை எனக்குப் பிடிச்சிருக்கு. இப்ப நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை, சோதினை முடியட்டும். தெரிஞ்சிருக்கட்டும் எண்டு சொன்னனான்."

அவன் கையிலிருந்த ஐஸ்பழம் நிலத்தில் விழுந்தது. முகம் முழுக்கச் சிவந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஏதோ ஒன்று அதில் வந்தது. அடுத்த கிழமைக்குள் தீவு முழுக்க அவளுக்கு 'வெட்கங்கெட்டவள்' என்ற பெயர் வந்துவிட்டது.

இனி ஜே.பி.யைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜே.பி. என்றால் சமாதான நீதவான். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு றப்பர் முத்திரை. தீவில் ஆருக்கு நற்சாட்சிப் பத்திரம் வேண்டுமென்றாலும் அவர்தான் கையெழுத்து வைப்பார். நாங்கள் ஒழுக்கமான பிள்ளைகள் என்று எங்கள் எல்லோருக்கும் கையெழுத்து வைத்த கை அது. அதே கைதான் படகு நெரிசலில் பிள்ளைகளுக்கு நடுவில் தன்பாட்டுக்கு உலாவித் திரியும். ஒருத்தி புத்தகப்பையைப் பின்னால் கேடயம்போலப் பிடிப்பாள். ஒருத்தி ஊசி வைத்திருப்பாள். நான் குடை. இதைப் பற்றி நாங்கள் எங்களுக்குள்ளேகூடக் கதைத்ததில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகக் கண்டுபிடித்த வித்தை அது.

ஒரு வெள்ளிக்கிழமை படகில் கால் வைக்க இடமில்லை. வெங்காய மூட்டை, காஸ் சிலிண்டர், சினந்துபோன ஒரு ஆடு, நாங்கள், எங்களுக்குப் பின்னால் ஜே.பி. பாதிக் கடலில் அந்தக் கை ஊர்ந்து வந்து இவளுடைய இடுப்பில் நின்றது.

இவள் மெல்லத் திரும்பினாள். அந்தக் கையை இரண்டு கையாலும் தூக்கி, சந்தையில் மாம்பழம் பார்க்கிற மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கடித்தாள்.

சும்மா கடி இல்லை. ஆடுகூட ஒதுங்கி நின்றது.

ஜே.பி.க்குக் கத்தவேண்டும். ஆனால் என்ன சொல்லிக் கத்துவது? தொண்டை வரைக்கும் வந்த சத்தத்தைக் கடைசி நேரத்தில் திருப்பி, "முருகா!" என்றார். முன்னால் இருந்த கிழவர் ஒருவர் பக்தி பொங்கி, "அரோகரா!" என்று சேர்ந்துகொண்டார். படகு முழுக்க ஒருமுறை அரோகரா போட்டது.

இவள் வாயைத் துடைத்துக்கொண்டு என் காதில் சொன்னாள்: "உப்பு."

ஜே.பி. வீட்டில் போய் நாய் கடித்தது என்றார். கட்டின மனிசி விடுவாவா? ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனா. விசர்நாய்க்கடி ஊசி ஒரு முறையோடு முடிகிறதில்லை, தவணை தவணையாய்ப் போடவேண்டும். ஊர் இளைஞர்கள் பொல்லோடு விசர்நாயைத் தேடினார்கள். இறங்குதுறையில் படுத்துக் கிடந்த ஒரு மண்ணிற நாயைப் பிடித்து ஒரு பனை வடலியில் கட்டி, கண்காணிப்பில் வைத்தார்கள். அது பிஸ்கற் தின்று கொழுத்ததே தவிர, விசர் வருகிற அறிகுறி ஒன்றும் காட்டவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவிய தாதி மிஸ்ஸிதான் கேட்டா:

"ஐயா, இந்த நாய்க்கு முன்பல்லு ரெண்டுக்கும் நடுவில ஒரு நீக்கல் இருக்குப் போல. பல்லும் நல்லாய் மினுக்குற நாய்."

ஜே.பி.க்கு வேர்த்தது. வேறு வழியில்லாமல் குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார். அதாவது, அடுத்த பொய்யை. கடித்தது நாய் இல்லை, பேய். நடுக்கடலில் சிவப்புக் கண்ணோடு ஒரு உருவம் வந்தது. கடித்த கையோடு பக்கத்தில் நின்ற அந்த வெட்கங்கெட்ட பிள்ளைக்குள் புகுந்துவிட்டது.

நாய் விடுதலையானது. தீவு நடுங்கியது. செத்த மாடு, நின்ற படகு எஞ்சின், புளித்துப்போன தோசைமா எல்லாம் பேயின் கணக்கில் சேர்ந்தன. இவளுக்கு முதலில் சிரிப்பாய்த்தான் இருந்தது. பிறகு பெரியப்பா ஒருவர் வந்து தாயிடம் சொன்னார்: "பேயைக் கழிச்ச கையோட படிப்பை நிப்பாட்டிப்போட்டு ஒரு கலியாணத்தைச் செய்துவைப்பம். சுவிஸில ஒரு இடம் இருக்கு." தகப்பன் கட்டாரில் வேலை. தாய் தனி மனிசி, பயந்த சுபாவம். "ஓம்" என்று சொல்லிவிட்டா. அன்றைக்கு இவள் சிரிக்கவில்லை.

பூசாரியை ஜே.பி.யே வேறு தீவிலிருந்து கூட்டிவந்தார். ஒரு சனிக்கிழமை, உச்சி வெய்யில். முற்றத்தில் இவளை ஒரு பாயில் இருத்தியிருந்தார்கள். 'தனிய இருக்கமாட்டன்' என்று அவள் அடம்பிடித்ததால் பக்கத்தில் நான். பவளக்கல் மதிலுக்கு அங்கால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் தலை தலையாய் நின்றார்கள். ஜே.பி. கையில் கட்டோடு முன்வரிசைக் கதிரையில். பூசாரி மெலிந்த ஆள், கண்ணாடி போட்டிருந்தார். வேப்பிலையையும் உடுக்கையும் கண்டு நான் அவளோடு ஒட்டி இருந்தேன்.

உடுக்கை அடித்துவிட்டுப் பூசாரி கேட்டார்: "ஆர் நீ?"

இவள் முழுப் பெயரையும் வகுப்பையும் சொன்னாள்.

"அது பிள்ளையின்ர பேர். உள்ளுக்கு நிக்கிறது ஆர் எண்டு கேக்கிறன்."

இவள் கொஞ்சம் யோசித்தாள். உயிரியல் வகுப்பில் கையை உயர்த்துவதற்கு முதல் வருகிற அதே முகம். எனக்கு விளங்கிவிட்டது, ஏதோ வரப்போகிறது.

"கனபேர் நிக்கிறம்," என்றாள், அடித்தொண்டையில். "இருக்க இடமில்லை. படகு மாதிரி நெரிசல்."

"பாத்தீங்களோ!" என்றார் ஜே.பி., சந்தோசமாய்.

"ஏன் இந்தப் பிள்ளைக்குள்ள வந்தனீங்கள்?"

"படகில ஒரு கை வந்து தொட, கத்த ஏலாமல் நிண்ட பிள்ளையளின்ர சத்தம் நாங்கள். அண்டைக்கு வெளியில வராத சத்தம் பிறகு எங்க போறது பூசாரியார்? இவளின்ர வாய்தான் திறந்திருந்தது. வந்திட்டம்."

பூசாரி உடுக்கைக் கீழே வைத்தார். மதிலுக்கு அங்கால் தலைகள் இன்னும் கிட்ட வந்தன.

"பேய் பொய் சொல்லுது! வேப்பிலையால நாலு அடி போடும்!" ஜே.பி. எழும்பிவிட்டார்.

பூசாரி அவரைப் பார்க்கவில்லை. "எந்தக் கை?" என்று கேட்டார்.

"கட்டுப் போட்ட கை," என்றது பேய்.

பூசாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். "ஜே.பி., கையை இஞ்சால கொண்டாரும்." கட்டை அவரே அவிழ்த்தார். காயத்தைப் பார்த்தார். "பிள்ளை, ஒருக்காச் சிரி," என்றார். இவள் ஈயென்று காட்டினாள். முன்பல் நீக்கல் வெய்யிலில் பளிச்சென்று தெரிந்தது.

"முதல் நாய் எண்டனீராம். பிறகு பேய் எண்டனீர். இது பிள்ளையின்ர பல்லு. இந்தக் கை அங்க என்னத்துக்குப் போனது?"

"அது... படகு நெரிசல்..."

"எனக்கும் நெரிசல் எண்டுதான் சொன்னவர்." மதிலுக்கு அங்காலிருந்து ஒரு குரல். சந்திக் கடைக்கார அக்கா. இரண்டு பிள்ளைகளின் தாய். சொல்லிவிட்டுத் தானே திகைத்துப்போய் வாயைப் பொத்திக்கொண்டா. அவவுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி, "எனக்குக் கோயில் தேர் அண்டைக்கு," என்றாள். பிறகு இன்னொரு குரல், இன்னொரு குரல்.

"ஐயோ, பேய் தொத்துது!" என்று பெரியப்பா படலையைத் திறந்துகொண்டு ஓடினார். அவரோடு வேறு சில ஆம்பிளைகளுக்கும் அவசர வேலைகள் ஞாபகம் வந்தன.

எல்லோருக்கும் பிறகு ஜே.பி.யின் மனிசி மெதுவாய்க் கேட்டா: "எனக்கு நாய் எண்டெல்லே சொன்னனீங்கள்?" அதற்குமேல் அவ ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் அந்த மனிதர் அரைவாசியாய்ச் சுருங்கிப்போனார்.

பூசாரி வேப்பிலையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "என்னை ஒரு பேய்க்குத்தான் கூப்பிட்டது. இவ்வளவு பேயையும் கழிக்க எனக்கு ஏலாது," என்றார். பிறகு, தொழில் முறையை விடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பி வந்து கேட்டார்: "சரி, மலையேற என்ன வேணும்?"

"இந்தப் பிள்ளை சோதினை எழுதவேணும். கலியாணம் பேசக்குடாது." கொஞ்சம் யோசித்து, "ஒரு கோழிப் புரியாணி," என்றது பேய். "கால் துண்டோட."

"அம்மா, கேட்டதைக் குடுத்துவிடுங்கோ. குடுக்காட்டித் திரும்பி வரும்," என்றார் பூசாரி தாயிடம், சிரிக்காமல். தாய் தலையாட்டினா. ஆட்டிக்கொண்டே முந்தானையால் வாயைப் பொத்தினா. அது அழுகை என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தா.

ஜே.பி. கொழும்பில் இருக்கிற மகளிடம் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் படகில் ஆம்பிளைகள் இரண்டு கையையும் அர்ச்சனைத் தட்டுப் பிடிக்கிற மாதிரி நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டுதான் பயணம் செய்தார்கள். கடிக்காரி என்ற பெயரும் நிலைத்தது. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் வந்து அவளைத் தொட்டுவிட்டு ஓடுவார்கள்.

எல்லாம் வெற்றிதான். ஒன்றைத் தவிர. சோதினை முடிந்த அன்று அவள் அந்தச் சுருட்டைத் தலைப் பெடியனிடம் போனாள். அவன் இரண்டு அடி பின்னால் போய், "கடிப்பீரோ?" என்று கேட்டான். பகிடிக்கு இல்லை, உண்மையாய்க் கேட்டான்.

 அன்று படகு துறையை நெருங்கும்போது அவள் என்னிடம் கேட்டாள்.

"ஒருத்தனைப் பிடிக்குது எண்டு சொன்னால் வெட்கங்கெட்டவள். பிடிக்கேல்லை எண்டு கடிச்சால் பேய். இதுக்கு நடுவில நான் எங்கயடி நிக்கிறது?"

நான் கொஞ்சம் தள்ளி இருந்து, வெங்காய மூட்டையில் அவளுக்கு இடம் விட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இப்போது அவள் நெடுந்தீவிலேயே கால்நடைப் பகுதியில் வேலை செய்கிறாள். மாடுகளுக்கு ஊசி போடுகிறாள். மாடுகள் அவளைக் கண்டால் வரிசையில் நிற்கின்றன என்று ஊரில் கதை. கலியாணம் ஆகவில்லை. ஒருவர் இருக்கிறாராம். "விசாரணை நடக்குது" என்றாள்.

போன மாதம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது இறங்குதுறை வரைக்கும் வந்தாள்.

"என்னைப் பற்றி எழுதப்போறியாம், அம்மா சொன்னா."

"ஓம். ஏன், வேண்டாமோ?"

"எழுது. ஆனால் பயமில்லாதவள், வீரி, சூரி எண்டெல்லாம் எழுதிப்போடாத." கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அண்டைக்கு எனக்குச் சரியான பயமடி. உன்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் அவ்வளவும் கதைச்சனான். உனக்கு ஞாபகமில்லைப் போல."

ஞாபகமில்லாமலா? அன்று பாயில் இருந்தபோது என்னுடைய உள்ளங்கையில் அவளுடைய நகங்கள் ஆழமாய்ப் பதிந்த தழும்புகள் கனநாள் இருந்தன. நான் மருந்து போடவில்லை. அவை ஆறி மறைந்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கொஞ்சம் கவலையாய் இருந்தது.