தாபோவின் அம்மாவும் தக்காளி விலையும்

எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்குக் கதைக்க விஷயம் இருக்கும். செத்த வீட்டில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். (கல்யாண வீடுகளில் இதே நாக்கை அடக்க ஆள் தேவை.)

தாபோ போட்ஸ்வானாக்காரன். டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் எங்களுக்கு அடுத்த தெரு. இருவருக்கும் கிரின்ஸ்டெட்டில் ஒரே தொழிற்சாலை, ஒரே கார், அதுவும் என்னுடைய கார். அரைகுறை டெனிஷில் கதைத்துக்கொண்டு போவோம். அவன் கதை முழுக்க அம்மாவின் தக்காளித் தோட்டம்தான். தென்னாபிரிக்காவிலிருந்து வரும் காய்கறிகளை அவர்களுடைய அரசு நிறுத்தியபோது அங்கே விலை ஏறியது. பட்டணத்துச் சனம் திட்டித் தீர்க்க, அம்மா தோட்டத்தைப் பெருப்பித்தார். பிறகு எல்லையைத் திறந்தார்கள். லொறி லொறியாகத் தக்காளி வந்திறங்க, விலை படுத்துவிட்டது. அந்த அம்மாவை நான் கண்டதேயில்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்கும் வேலை ஓடவில்லை.

அந்த அம்மா திடீரென்று இறந்துபோனார். விசாச் சிக்கலால் தாபோவால் ஊருக்குப் போக முடியவில்லை.

"இஞ்சருங்கோ, செத்த வீட்டில அடுப்பு மூட்டாயினம். சோறும் கறியும் கட்டித் தாறன், கொண்டு போங்கோ," என்றாள் மனைவி. "அங்க போய் அலட்டாதேங்கோ."

தாபோ தனியாக இருந்தான். சோற்றை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்த்தான், நான் யன்னலைப் பார்த்தேன். அலட்டக் கூடாது, அலட்டக் கூடாது என்று அடக்கி அடக்கி, கடைசியில் வாய் தானாகவே திறந்தது.

"இப்ப அங்க தக்காளி என்ன விலை?"

சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். தினமும் காலையில் அவன் காரில் ஏறியதும் நான் கேட்கிற கேள்வி. பழக்கதோஷம்.

தாபோ முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மத் தொடங்கினான். எங்கள் ஆட்கள் செத்த வீட்டில் 'போயிட்டு வாறன்' சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்பது போலாகிவிடும். பேசாமல் எழும்பி வந்துவிட வேண்டும். நானும் முறை தவறாமல், சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி வெளியேறிவிட்டேன்.

"சொல்லாமல்தான் வந்தனான்," என்று மனைவியிடம் பெருமை வேறு அடித்தேன்.

அதற்குப் பிறகு தாபோ என் காரில் ஏறவில்லை. பஸ்ஸில் வந்தான். (அந்தப் பாதையில் பஸ்ஸைக் காண்பதே அபூர்வம்.) பல வாரம் கழித்துத் தொழிற்சாலை வாசலில் அவனை மறித்து, எங்கள் வழக்கத்தைத் தெரிந்த டெனிஷில் விளங்கப்படுத்தினேன். விலை கேட்டதற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ கேட்டதில எனக்குக் கோவமில்லை," என்றான். "வந்த எல்லாரும் அனுதாபம் சொன்னவை. அம்மாட தக்காளியை நீ ஒருத்தன்தான் விசாரிச்சனீ. அழுது முடிச்சிட்டுச் சொல்லுவம் எண்டு நிமிர்ந்தன். உன்னைக் காணேல்லை."

"இப்ப சொல்லு."

"இப்ப ஏலாது," என்றுவிட்டு உள்ளே போய்விட்டான்.

அடுத்த கோடையில் தோட்டத்தைப் பார்க்க ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அந்தத் தக்காளிக் கதையை எனக்குச் சொல்லாமலே போய்விட்டான்.

இப்போது எந்தச் செத்த வீட்டிலும் என்னால் முதலில் எழும்ப முடிவதில்லை. கதிரைகளை அடுக்கிய பிறகும் இருப்பேன். அழுகிறவர்கள் நிமிரும்போது எதிரே ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று. வீட்டுக்காரருக்குக் கொட்டாவி வந்துவிடும், மனைவி சட்டையைப் பிடித்து இழுப்பாள். செத்த வீட்டுக்கென்று நான் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே மகள் டெனிஷில் கேட்பாள்:

"அப்பா, தலகாணியும் எடுத்து வைக்கட்டோ?"